எண்பத்து மூன்றுக்கு அடுத்த எண்

வரி கட்டாதவர்களுக்குத்தான் வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வரும். காயில்காரருக்கு வந்த கடிதம், அவர் வரி கட்டியதற்காக வந்தது.

“கடந்த பதினொரு ஆண்டுகளில் நாற்பத்து நான்கு தவணைகளையும் உரிய தேதியில், முழுமையாக, எந்த நினைவூட்டலும் இல்லாமல் செலுத்தியுள்ளீர்கள். இதற்கான காரணங்களை நேரில் ஆஜராகி விளக்கவும். தவறினால் கடை பூட்டி முத்திரையிடப்படும்.”

கடைசி வாக்கியம் எல்லாக் கடிதங்களிலும் அச்சாகியே வருவது. அதை மட்டும் எடுக்க வழியில்லை என்று பிறகு விளக்கினார்கள்.

அந்த வட்டத்தில் சிறு கடைகள் நானூற்றுப் பன்னிரண்டு. நானூற்றுப் பதினொரு பேர் குறைத்துக் கட்டினார்கள், தாமதமாகக் கட்டினார்கள், அல்லது கட்டவேயில்லை. அவர்களைத் துறைக்கு நன்றாகப் புரிந்தது. புரியாதவர் ஒருவர்தான். அவர் எரிந்துபோன மின்விசிறிகளுக்குக் காயில் கட்டுபவர். கடை எட்டடிக்குப் பத்தடி. கருகிய செம்புக் கம்பியை வெட்டி இழுத்துப் போடுவது அவர் வேலை. புதுக் கம்பியைக் கைச்சுற்று எந்திரத்தில் எண்ணிச் சுற்றுவது அண்ணியின் வேலை. அவருடைய அண்ணன் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. அண்ணன் இருந்தபோது எண்ணியது அண்ணன்தான்.

காயில் சுற்றும்போது பேசக் கூடாது. சுற்று ஒன்று குறைந்தாலும் காயில் சூடேறும். அண்ணி உதட்டுக்குள் எண்ணுவார். ஒரே ஓர் எண்ணை மட்டும் வாய்விட்டு, தெருவுக்குக் கேட்கும்படி சொல்வார்.

“எண்பத்து நாலு!”

பிறகு மறுபடி உதட்டுக்குள் போய்விடுவார். காயில்காரர் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. அவருக்குத் தெரியும்.

கடிதத்தை அவர் படித்துக் காட்டியபோது அண்ணி கைப்பிடியை நிறுத்தினார்.

“என்ன தம்பி இது, கட்டினதுக்குமா கூப்பிடுவாங்க?”

“காரணம் கேக்கறாங்க அண்ணி.”

“கட்டலைன்னா ஏன் கட்டலைன்னு கேக்கறான். கட்டினா ஏன் கட்டினேங்கறான். என்னதான் செஞ்சா மனுஷனைச் சும்மா விடுவானாம்?”

“செத்தா விடுவாங்களோ என்னமோ.”

“எங்க விட்டாங்க?” என்றார் அண்ணி. எண்ணிக்கை தவறிவிட்டிருந்தது. கம்பியை அவிழ்த்து முதலிலிருந்து ஆரம்பித்தார்.

விடவில்லைதான். வரி அலுவலக வாசலில் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. மேலே ‘வரி ஏய்ப்போர்’ என்று எழுதி, கீழே நாற்பது ஆணிகள் அடித்திருக்கிறார்கள். முப்பத்தொன்பது ஆணிகளில் படங்கள் மாறிக்கொண்டிருக்கும். ஒருவர் வருவார், உள்ளே போய்ப் பேசுவார், அவர் படம் இறங்கும். பதினொரு வருடமாக இறங்காத படம் ஒன்றுதான். அதில் அண்ணன் சிரித்துக்கொண்டிருக்கிறார். கடை திறந்த அன்று எடுத்த படம், உரிம விண்ணப்பத்தோடு கொடுத்தது. பலகைக்கு அளவாக வெட்டியதில் பக்கத்தில் நின்றவர் தனித் துண்டாகி வீட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டார். அண்ணனின் தோளில் நான்கு விரல்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

“என் விரலையும் சேத்துத் தொங்கவிட்டிருக்கானுங்க” என்பார் அண்ணி. அலுவலகம் இருக்கும் தெருவில் அவர் எதிர்ச்சாரியில்தான் நடப்பார்.

அண்ணன் செய்த குற்றம், அந்த அலுவலகத்தின் பதினான்கு மின்விசிறிகளுக்குக் காயில் கட்டியது. ஒன்றுக்கு நூறு வீதம் ஆயிரத்து நானூறுக்கு ரசீது கொடுத்தார். பணம் வரவில்லை. ரசீது மட்டும் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய், அங்கே ஒரு பூஜ்யம் கூடி, மறைத்த வருமானமாக அவரிடமே திரும்பி வந்தது. வராத பணத்தைப் பத்து மடங்காக்கி அதற்கு வரி. பூஜ்யத்தை எடுக்கச் சொல்லி முப்பத்தாறு தடவை போனார். முப்பத்தேழாவது தடவை விசாரணைக்குத் தேதி கொடுத்தார்கள். காலையிலேயே போய் வரிசைச் சீட்டு வாங்கினார். எண் எண்பத்து நான்கு. மூன்றாவது பெஞ்சில், தான் கட்டிய மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தார். எழுபது போய்க்கொண்டிருந்தபோது தலை சாய்ந்தது. தூங்குகிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். எண்பத்து நான்கை மூன்று முறை அழைத்தார்கள். பிறகு எண்பத்தைந்தை அழைத்தார்கள். சாயங்காலம் பெருக்க வந்தவர்தான் தொட்டுப் பார்த்தார்.

பதிவேட்டில் இருப்பது இவ்வளவுதான்: ‘மூன்று முறை அழைக்கப்பட்டார். வரவில்லை.’ வராதவர் ஏய்ப்பவர். படம் மாட்டப்பட்டது.

காயில்காரர் இறப்புச் சான்றிதழோடு போனார். அதை வாங்கிப் படித்த அதிகாரி வருத்தப்பட்டார்.

“இறந்த இடம்னு இந்த ஆபீஸைப் போட்டிருக்காங்களே. எங்க பதிவேட்டுப்படி அன்னிக்கு அவர் ஆபீஸுக்கே வரல. வராதவர் எப்படி இங்க செத்திருக்க முடியும்? சான்றிதழைத் திருத்திட்டு வாங்க.”

ஆஸ்பத்திரியில் திருத்த மாட்டோம் என்றார்கள். உடலை அங்கிருந்துதான் தூக்கினோம் என்றார்கள். அண்ணன் எங்கேயும் இறக்காமல் பலகையில் சிரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் வரவேயில்லை என்பது துறையின் நிலைப்பாடு. ஆனால் அதற்கடுத்த மாதம் ஊழியர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி வரிசைச் சீட்டு எந்திரத்துக்கு ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அலுவலகப் பணத்தில் அதைச் செய்யச் செலவுத் தலைப்பு இல்லை. அன்று முதல் எந்திரம் எண்பத்து மூன்றுக்கு அடுத்து எண்பத்தைந்தைத் தருகிறது. மூன்றாவது பெஞ்சில் மக்கள் உட்காருவார்கள். ஊழியர்கள் யாரும் அதன் பக்கம் நடப்பதில்லை.

கடிதத்தோடு போன காயில்காரரை ஆய்வு அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். அந்த அலுவலகத்தில் ஒருவர் எழுந்து அவர் பார்த்தது அதுவே முதல் தடவை. அதிகாரி புதிதாக வந்தவர். ‘வணிகர் இணக்கக் காரணிகள் ஆய்வுப் பிரிவு’ என்று கதவில் எழுதியிருந்தது. பெயின்ட் இன்னும் ஒட்டியது.

“ஏன் கட்டறீங்க?” என்றார் அதிகாரி.

“கட்டணும்ல சார்.”

“அது பதில். நான் கேட்டது காரணம்.” ஒரு தாளை முன்னால் தள்ளினார். “அஞ்சு காரணி இருக்கு. இதுல ஒண்ணைத் தொடுங்க. அச்சம்?”

“பயமெல்லாம் இல்ல சார்.”

“எங்க மேல நம்பிக்கை?”

காயில்காரருக்கு இருமல் வந்தது.

“வரிச் சட்ட அறிவு?”

“அஞ்சாவதுதான் படிச்சேன்.”

“அக்கம்பக்கத்தைப் பார்த்து?”

“பக்கத்துல யாருமே கட்டலையே சார்.”

“அப்ப மிச்சம் ‘மற்றவை’தான்” என்றார் அதிகாரி, நோயாளியிடம் பேசுகிறவரின் குரலில். மற்றவைக்கு எதிரே இருந்த கோடு அரை விரல் நீளம். “இதுல எழுத இடம் கிடையாது. பாருங்க, நீங்க கட்டறது எங்களுக்குப் பெருமைதான். ஆனா ஏன்னு தெரியாமக் கட்டற ஆளு, ஏன்னு தெரியாம நிறுத்திடலாம். கட்டாதவனை நாங்க நம்பலாம், நாளைக்கும் கட்ட மாட்டான். உங்களை எப்படி நம்பறது?”

காயில்காரர் தன் மனுவை எடுத்து மேசையில் வைத்தார். பன்னிரண்டாவது மனு.

“எங்க அண்ணன் படத்தை அந்தப் பலகையிலேருந்து எடுத்துடுங்க சார். என்னை எதை வேணாக் கேளுங்க. சொல்றேன்.”

அதிகாரி மனுவைப் படிக்காமல் அதன் மேல் பேப்பர் வெயிட்டை வைத்தார். “ஆய்வு முடியட்டும். ஒத்துழைச்சவங்க மனு ஒண்ணை ஏத்துக்க எனக்கு அதிகாரம் இருக்கு.”

அன்று அந்த வாக்கை நம்பித்தான் காயில்காரர் ஆய்வுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்.

ஆய்வு முறை எளிது. காரணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது. எதை எடுத்தால் அவர் கட்டுவதை நிறுத்துகிறாரோ, அதுதான் காரணம். நடப்பதைக் குறித்துக்கொள்ள ஒரு கவனிப்பாளரைக் கடைக்கு அனுப்பினார்கள். மெலிந்த மனிதர், கையில் ஒரு நோட்டு, அக்குளில் அலுவலக ஸ்டூல். காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை மூலையில் உட்காருவார். தெருவில் அவருக்கு ‘ஸ்டூல்’ என்றே பெயராகிவிட்டது.

முதலில் அச்சத்தை எடுத்தார்கள். இனிமேல் அவருடைய கணக்கை யாரும் பார்க்க மாட்டார்கள், எவ்வளவு குறைத்துக் காட்டினாலும் கேள்வி கிடையாது என்று முத்திரையோடு கடிதம் வந்தது. தவறினால் கடை பூட்டி முத்திரையிடப்படும் என்றும் அதில் இருந்தது. எதில் தவறினால் என்று ஸ்டூலுக்கும் தெரியவில்லை. ஸ்டூல் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. அவர் காலையில் வந்ததும் சிரிக்க ஆரம்பித்து ஐந்து மணிக்கு நிறுத்துவார். வாடிக்கையாளர் இரண்டு பேர் மின்விசிறியை வைக்காமலே திரும்பிப் போனார்கள்.

காயில்காரர் தவணையைக் கட்டினார்.

அடுத்த தவணைக்கு நம்பிக்கையை எடுத்தார்கள். கடை வாசலில் இடுப்பளவு ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, ‘உங்கள் வரிப்பணத்தில் நடைபெறும் பணி’ என்று பலகை நட்டுவிட்டுப் போனார்கள். என்ன பணி என்று கேட்டதற்கு, “தோண்டறது மட்டும்தான் எங்களுக்கு” என்றார் மேஸ்திரி. வாடிக்கையாளர்கள் அக்கரையில் நின்று மின்விசிறியை நீட்டினார்கள். ஸ்டூல் ஒரு தடவை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். அண்ணி வார்னிஷ் துடைக்கும் துணியால் கட்டுப்போட்டார்.

“வலிச்சா அழுங்க. எதுக்குச் சிரிக்கறீங்க?”

“உத்தரவும்மா” என்றார் ஸ்டூல், சிரித்தபடி.

காயில்காரர் பள்ளத்தைத் தாண்டிப் போய்த் தவணையைக் கட்டினார்.

மூன்றாவதாக அறிவு. அவருக்கென்று நாற்பத்தாறு பக்கப் படிவம் அச்சடித்தார்கள். ஒன்பதாம் பக்கம் முப்பத்தொன்றாம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னது. முப்பத்தொன்றாம் பக்கம் ஒன்பதாம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னது. கூடவே அக்கம்பக்கத்தையும் எடுத்துவிட, எதிர்க்கடைத் தையல்காரருக்கு, தினமும் இரண்டு தடவை காயில்காரரைக் கேலி செய்யத் தினப்படி கொடுத்தார்கள்.

“என்னய்யா ஏமாளி, கட்டியாச்சா?” என்பார் தையல்காரர், வழக்கம்போல. பிறகு ஸ்டூலின் நோட்டில் கையெழுத்துப் போடுவார். “பதினொரு வருஷமா ஓசியில சொல்லிட்டிருந்தேன். எனக்கில்ல அறிவில்லை!” அந்தப் படிக்கு வரி உண்டு. அவர் கட்டவில்லை.

காயில்காரர் ஒரு வெள்ளைத் தாளில் மூன்று மாத வருமானத்தை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, ஏழாம் கவுண்டரில் நீட்டினார். ஏழாம் கவுண்டரில் ஒரு அம்மா இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். அவர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். காயில்காரர் வந்தால் கையைக்கூடப் பார்க்க மாட்டார். தாளை வாங்கி முத்திரை குத்தினார்.

ஆய்வு அதிகாரி இளைத்துப்போனார். எல்லாக் காரணிகளையும் எடுத்தாகிவிட்டது. காரணமே இல்லாமல் ஒரு மனிதர் வரி கட்டிக்கொண்டிருந்தார். மேலிடத்திலிருந்து அறிக்கை கேட்டுத் தந்திகள் போலச் சுருக்கமான கடிதங்கள் வந்தன.

அப்போதுதான் ஸ்டூல் தன் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆய்வுக்கு உள்ளானவர் தவணையைத் தபாலில் அனுப்பலாம், ஆனால் நேரில் வருகிறார். வந்ததும் பலகைக்கு முன்னால் நிற்கிறார். முதல் தவணையில் ஆறு நிமிடம். இரண்டாவதில் ஆறு நிமிடம். மூன்றாவதில் ஆறரை. பிறகு மூன்றாவது பெஞ்சுக்கு மேலே ஓடும் மின்விசிறியைக் காது கொடுத்துக் கேட்கிறார். பிறகு கட்டுகிறார்.

அதிகாரி நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

‘நேர்மை வாரம்’ அந்த மாதமே வந்தது. காயில்காரரை அலுவலகக் கூடத்தில் போட்ட மேடையில் உட்காரவைத்தார்கள். அண்ணி வர மறுத்துவிட்டார். ஆய்வு அதிகாரி ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

“நண்பர்களே, உலகம் முழுக்க நிபுணர்கள் தேடிட்டிருக்கற விடை நம்ம வாசல்லயே தொங்கிட்டிருந்தது! ஒரு ஆணி, ஒரு படம். மொத்தச் செலவு பன்னிரண்டு ரூபாய். வசூல், நாற்பத்தேழு தவணை, ஒண்ணுகூடத் தவறல. எந்த அதிகாரி இவ்வளவு வேலை செஞ்சிருக்கார்? என்னையும் சேத்துத்தான் கேக்கறேன். பதினொரு வருஷமா லீவு போடாம, சம்பளம் வாங்காம, ராத்திரி பகலா நமக்காக வசூல் பண்ணிட்டிருக்கார் அந்தப் படத்துல இருக்கறவர். சிலர் நம்மைக் கல்நெஞ்சக்காரங்கன்னு சொல்றாங்க. நாம அந்த மனுஷருக்கு ஒரு கெடுதலும் செய்யல. அவர் இங்க வரவே இல்லையே! வராத ஒருத்தராலேயே இவ்வளவு முடியும்னா, யோசிச்சுப் பாருங்க, ஒரு குடும்பத்துக்கு ஒருத்தர் போதும். மத்தவங்க தானா வந்து கட்டுவாங்க.”

கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் மின்விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்டது. பதினான்கில் ஒன்றுகூட முனகவில்லை.

காயில்காரர் மேடையை விட்டு இறங்கும்போது அதிகாரியைப் பிடித்துக்கொண்டார்.

“ஆய்வு முடிஞ்சுதே சார். என் மனு?”

“அதை எப்படி ஏத்துக்கறது? படத்தை எடுத்தா நீங்க கட்ட மாட்டீங்களே.”

“கட்டுவேன் சார்.”

“கட்டுவேன்னு நானூத்திப் பதினோரு பேரும் சொல்றாங்க.” அதிகாரி அவர் தோளில் கை வைத்தார். “கவலைப்படாதீங்க. படம் வெளுத்துப்போகாம இருக்கக் கண்ணாடி போடச் சொல்லியிருக்கேன். மேல ஒரு சின்ன விளக்கு. அவரைப் பத்திரமாப் பாத்துக்கறது இனி எங்க பொறுப்பு.”

கடைக்குத் திரும்பியபோது அண்ணி ஒரு டேபிள் ஃபேனுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் எண்ணி முடிக்கும்வரை காயில்காரர் நின்றார். பிறகு சொன்னார். கண்ணாடி, விளக்கு, எல்லாம் சொன்னார்.

அண்ணி கத்தரியால் கம்பியை நறுக்கினார்.

“படம் இருக்கறதாலதான் நீங்க கட்டறீங்கன்னு சொல்றான்.”

“ஆமா.”

“அப்ப படம் இருக்கும்போதே கட்டாதீங்க. வேலை செய்யாத படத்துக்கு எதுக்கு விளக்கு?”

காயில்காரர் காயிலைச் சோதிக்கும் சீரிஸ் லாம்ப்பை எடுத்துத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. “கடையைப் பூட்டுவாங்க அண்ணி. வேற என்ன தெரியும் நமக்கு?”

“பூட்டட்டும். அவர் முப்பத்தேழு தடவை நடந்தார். நாம ஒரு தடவை உக்காருவோம்.” கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, “எழுந்திரிக்காம உக்காருங்க” என்றார்.

வாழ்க்கையில் முதல் முறையாகக் காயில்காரர் ஒரு தவணையைத் தவறவிட்டார். பணம் சட்டைப் பையில்தான் இருந்தது. நாள் முழுக்க அது நெஞ்சில் ஆணி மாதிரி குத்தியது. எதிரிலிருந்து தையல்காரர் எட்டிப் பார்த்தார்.

“கட்டலையா? நிஜமாவா?” அவர் முகம் விழுந்துவிட்டது. “யோவ், நீயும் கட்டலைன்னா அவனுங்க பார்வை எங்க பக்கம் திரும்பும்யா!”

பத்தாவது நாள் சம்மன் வந்தது. கடிதத்தின் கடைசி வாக்கியத்துக்கு அன்றுதான் அர்த்தம் இருந்தது. மதியம் பன்னிரண்டுக்குள் விசாரணையில் ஆஜராகாவிட்டால் ஒரு மணிக்குப் பூட்டு.

காயில்காரர் சீட்டு எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கிழவர் எண்பத்து மூன்றை எடுத்துப் போனதும் பொத்தானை அழுத்தினார். எண்பத்தைந்து வந்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தார். மேலே அண்ணன் கட்டிய மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. அதன் காற்று மட்டும் கழுத்தில் விழுந்தது.

எண்பத்து மூன்று போனார். பன்னிரண்டுக்கு இன்னும் இருபது நிமிடம்.

“எண்பத்தஞ்சு” என்றார் ஏழாம் கவுண்டர் அம்மா.

காயில்காரர் எழுந்திருக்கவில்லை.

“எண்பத்தஞ்சு!”

கூடத்தில் அவரைத் தெரிந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா முதல் முறையாகக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே பார்த்தார். மூன்றாவது பெஞ்சு. சாய்ந்த தலை. அவர் வாய் திறந்தது. மூன்றாவது அழைப்பு வரவில்லை.

“அம்மா,” என்றார் காயில்காரர், நிமிராமல். “எண்பத்து நாலை இன்னும் கூப்பிடலையே.”

வரிசை நின்றதைக் கவனித்து ஆய்வு அதிகாரி அறையை விட்டு வெளியே வந்தார். பின்னால் ஸ்டூல், ஸ்டூலோடு.

“என்ன தடங்கல்?”

“எனக்கு முன்னாடி ஒரு நம்பர் இருக்கு சார். அவர் போகட்டும், நான் போறேன்.”

“எண்பத்து நாலு ஏன் கூப்பிடல?” என்று அதிகாரி கவுண்டரைக் கேட்டார். அவர் புதியவர். எந்திரத்தைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது. “விதி பதினாறு என்ன சொல்லுது? எண்கள் வரிசையாக அழைக்கப்பட வேண்டும். ஒண்ணைத் தாண்டினா அதுக்கப்புறம் நடக்கற விசாரணை எதுவுமே செல்லாது. கூப்பிடுங்கம்மா!”

“சார், வேண்டாம் சார்.”

“இது உத்தரவு.”

அந்த அம்மா இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“எண்பத்து நாலு” என்றார். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். “எண்பத்து நாலு.” மூன்றாவது முறை அது கத்தலாக வந்தது.

காயில்காரர் எழுந்து நின்றார்.

“வந்திருக்கார்மா” என்றார். “அன்னிக்கும் வந்திருந்தார். இதோ இங்கதான் உக்காந்திருந்தார். நீங்க பாத்தீங்க.”

மின்விசிறிக் காற்றில் ஒரு சீட்டு தரையில் நகர்ந்தது. அதைப் பார்த்து இரண்டு ஊழியர்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். கீழே கிடந்தது வெறும் பஸ் டிக்கெட்.

“பாத்தேன்” என்றார் ஏழாம் கவுண்டர் அம்மா. “தூங்கறார்னு நினைச்சேன். எழுப்பலாமான்னு நினைச்சேன். எழுந்து போனா கவுண்டரை விட்டுட்டுப் போனதாக் குறிப்பெழுதுவாங்க. மூணு தடவை கூப்பிட்டுட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன். பதினொரு வருஷமா என்னால அந்த நம்பரை எந்த வீட்டு வாசல் கதவுல கூடப் பாக்க முடியல.”

“அப்ப அதை எழுதுங்கம்மா.”

பதிவேட்டில் ஒரு பதிவைத் திருத்த, அதை எழுதியவருக்கு மட்டுமே உரிமை உண்டு. பன்னிரண்டு மனுக்களும் அதிகாரிகளுக்குத்தான் போயிருந்தன. அந்த அம்மாவிடம் யாரும் கேட்டதில்லை. அவர் அலமாரியிலிருந்து பழைய பதிவேட்டை எடுத்தார். தேட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கம் தானாகத் திறந்துகொண்டது, அடிக்கடி திறக்கப்பட்ட பக்கம்போல. ‘வரவில்லை’ என்பதை அடித்து, ‘வந்திருந்தார். நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் எல்லாம் நான்கு நிமிடத்தில் முடிந்தது. வந்திருந்தவர் வந்த இடத்தில் இறந்ததால் சான்றிதழ் செல்லும். சான்றிதழ் செல்வதால் வழக்கு முடியும். ரசீதைப் பார்த்து ஒருவர் பூஜ்யத்தை அடித்தார். ஸ்டூல் தன் ஸ்டூலின் மேல் ஏறிப் படத்தை இறக்கினார்.

காயில்காரர் படத்தைக் கையில் வாங்கினார். பின்பக்கத்தில் ‘அலுவலகப் பொருள். சரிபார்க்கப்பட்டது’ என்று வருடத்துக்கு ஒன்றாகப் பதினொரு முத்திரைகள். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து, தவறிய தவணையை அபராதத்தோடு கட்டினார். ரசீது வாங்கினார்.

ஆய்வு அதிகாரி மட்டும் அசையாமல் நின்றார்.

“படம் இருக்கும்போது கட்டல” என்றார் மெதுவாக. “எடுத்ததும் கட்டறீங்க. ஏன்?”

“கட்டணும்ல சார்” என்றார் காயில்காரர்.

அன்று ஒரு மணிக்குக் கடை திறந்திருந்தது. அண்ணி படத்தை வாங்கினார், கண்ணாடியைக் கழற்றினார், தன் நான்கு விரல்களின் மேல் ஒரு விரலை வைத்துப் பார்த்தார். பெட்டியிலிருந்து படத்தின் மறு பாதியை எடுத்து, காயிலுக்கு ஒட்டும் டேப்பால் இரண்டையும் சேர்த்து ஒட்டினார். மறுபடி சுற்ற உட்கார்ந்தார். அன்று எண்பத்து நான்கை உதட்டுக்குள்ளேயே எண்ணிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஆய்வறிக்கை வெளியானது. ஆணியிலிருந்து படத்தை இறக்கிய பதினோராவது நிமிடத்தில் வணிகர் அபராதத்தோடு வரி செலுத்தினார் என்று அது நிரூபித்தது. ஆகவே வட்டத்தின் நானூற்றுப் பன்னிரண்டு கடைகளிலும் படத்தை இறக்குவது என்று துறை முடிவு செய்தது. இறக்க வேண்டுமானால் முதலில் மாட்ட வேண்டும். புதிய பலகைகளுக்கு நிதி ஒதுக்கப்பட்டது. எல்லாக் கடைகளுக்கும் படிவம் வந்தது. ‘உங்கள் குடும்பத்தில் மறைந்தவர் எவரேனும் உண்டா? இல்லையெனில், எப்போது எதிர்பார்க்கலாம்?’

படிவங்களைத் திரட்ட ஸ்டூல் தெருவுக்கு வந்தார். ஒரு கையில் ஆணிப் பை, அக்குளில் ஸ்டூல். தையல்காரர் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். ஸ்டூல் பள்ளத்தைத் தாண்டிக் காயில் கடைக்குள் வந்தார். பள்ளம் இன்னும் மூடப்படவில்லை.

“உங்க ஆணி காலியா இருக்கும்மா” என்றார், சிரித்தபடி. “அந்தப் படத்தையே திரும்பக் குடுத்தாலும் போதும்னு சார் சொன்னார். பழகின படம்.”

காயில்காரர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். அண்ணி அவரைப் பார்த்துத் தலையசைத்தார். வேண்டாம் என்று அர்த்தம். பிறகு கம்பிச் சுருளிலிருந்து ஒரு அட்டைத் துண்டைக் கிழித்து, அதில் எண்பத்து மூன்றுக்கு அடுத்த எண்ணை எழுதி, ஸ்டூலிடம் கொடுத்தார்.

“உக்காருங்க” என்றார். “கூப்பிடறோம்.”

ஸ்டூல் மூலையில் உட்கார்ந்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். உத்தரவு இல்லாமலே அவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது.

அண்ணி புதுக் கம்பியை மாட்டி, ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.